பழைய கார், சந்தேகத்துக்கு இடமான எஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. மூவருக்கும் கே.எல். எண் கொண்ட பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது; மூவரையும் உறுத்துவது எஞ்சின்தான்.

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறேன். வண்டன்மேட்டுக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. நாள்தோறும் கம்பம்மெட்டு வழியாக மலையேறி இறங்க வேண்டியிருப்பதால் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம் என்று தேடினேன். கட்டப்பனையில் 2014-ஆம் ஆண்டின் ஃபோர்டு எகோஸ்போர்ட், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி, 86,000 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாவது உரிமையாளரிடம் இருக்கிறது. விலை 3,40,000 ரூபாய் சொல்கிறார். முதல் நான்காண்டு கம்பெனி சர்வீஸ். அதன்பிறகு உள்ளூர் ஒர்க்ஷாப். எனக்குப் பழக்கமான மெக்கானிக், “அந்த எஞ்சினா, வேண்டவே வேண்டாம்” என்கிறார். விற்பவரோ, “பெல்ட்டுக்குப் பத்து வருஷம் ஆயுள், நீங்கள் கையே வைக்க வேண்டியதில்லை” என்கிறார். யார் பேச்சை நம்புவது?
வாசகர், கம்பம்

பதில்: விற்பவர் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் பதிவான காருக்குப் பத்து வருடம் 2024-இலேயே முடிந்துவிட்டது. அவர் சொல்வது டைமிங் பெல்ட்டை, அதாவது பிஸ்டன்களின் அசைவுக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டையை. ஃபோர்டு நிறுவனம் ஐரோப்பாவில் இதற்குக் குறித்த கெடு பத்தாண்டு அல்லது ஏறத்தாழ 2,40,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அது. வண்டி 86,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, பாதிக்கு மேல் ஆயுள் மிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. ரப்பர் ஓட்டத்தால் மட்டும் தேய்வதில்லை, சும்மா நின்றாலும் கெடும். ஆகவே அந்தக் கார் ஒரு பெரிய செலவைச் சுமந்துகொண்டுதான் உங்கள் வாசலுக்கு வரும் என்பதை விற்பவரே ஒப்புக்கொண்டுவிட்டார். விலை பேசும்போது அவர் சொன்னதை அவருக்கே நினைவூட்டத் தயங்காதீர்கள்.

உங்கள் மெக்கானிக்கின் பயத்துக்கும் காரணம் உண்டு. அதற்காக அதை மட்டமான எஞ்சின் என்று தள்ளிவிட முடியாது. 999 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்ட இந்தச் சிறிய எஞ்சின் 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருதைப் பெற்றது. மலைப்பாதையில் நான்கு ஆட்களோடு ஏறும்போது அதன் இழுவையைக் குறைசொல்ல யாராலும் முடியாது. சிக்கல் வடிவமைப்பில் எடுத்த ஒரே ஒரு முடிவிலிருந்து வருகிறது. பெரும்பாலான எஞ்சின்களில் டைமிங் பெல்ட், எஞ்சினுக்கு வெளியே ஒரு மூடிக்குள் எண்ணெய் படாமல் வறண்டு ஓடும். இதில் உராய்வையும் சத்தத்தையும் குறைப்பதற்காக பெல்ட்டை எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடவிட்டார்கள். அதற்கென்று சொல்லப்பட்ட 5டபிள்யூ-20 ரக ஆயிலை, ஃபோர்டு குறித்த தரத்தில், நாள் தவறாமல் மாற்றி வந்தால் பெல்ட் நன்றாகவே உழைக்கும். ஒர்க்ஷாப் மூலையில் டிரம்மில் இருக்கும் ஏதோ ஓர் ஆயிலை ஊற்றினாலோ, மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டாலோ ரப்பர் ஊறி, மிருதுவாகி, துணுக்குத் துணுக்காக உதிரத் தொடங்கும்.

அந்தத் துணுக்குகள் போய்ச் சேரும் இடம்தான் ஆபத்தானது. அவை எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் இறங்கி, ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சும் சல்லடையில் படிகின்றன. சல்லடை அடைபட அடைபட ஆயில் அழுத்தம் குறையும். முதலில் டர்போவின் பேரிங் காயும், பிறகு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங். பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள், அது உண்மைதான். ஆனால் பெல்ட் அறுவதற்கு முன்பே எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் கெட்டுப்போவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதை இந்த எஞ்சினை வாங்குகிறவர் மறக்கக் கூடாது. ஆயில் பம்ப்பை ஓட்டுவதற்கும் இதில் தனியாக ஒரு பெல்ட் உண்டு. அது தொடர்பான குறைக்காக 2023-இன் இறுதியில் அமெரிக்காவில் ஃபோகஸ், எகோஸ்போர்ட் கார்கள் சுமார் 1,40,000 திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட்கள் நம் சென்னையை அடுத்த மறைமலைநகரில் செய்து கப்பலேற்றப்பட்டவை என்பது தனிக் கதை. அந்த அழைப்பு பிந்தைய ஆண்டுகளின் கார்களுக்கானது, உங்கள் 2014 மாடலுக்கானது அன்று. என்றாலும் எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இனி, அந்தக் குறிப்பிட்ட காரைப் பார்ப்போம். முதல் நான்காண்டு கம்பெனி சர்வீஸ் என்றால் அந்தக் காலத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதன்பிறகான ஆண்டுகளில் எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பதுதான் உங்கள் முழுக் கேள்வியும். பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் அந்த ஒர்க்ஷாப்புக்கே நேரில் போய், “இந்த வண்டிக்கு என்ன ஆயில் ஊற்றுவீர்கள்?” என்று சாதாரணமாக விசாரியுங்கள். பெரும்பாலான மெக்கானிக்குகள் இதில் பொய் சொல்வதில்லை. தாங்கள் செய்தது தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அல்லவா மறைப்பார்கள்?

காரைக் கம்பத்துக்கு இறக்கிக்கொண்டுவரச் சொல்லாதீர்கள். மலையிறங்கும்போது எஞ்சினுக்கு வேலையே இல்லை. அதோடு உங்களிடம் வந்து சேரும்போது அது சூடாக இருக்கும், சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். விடியற்காலையில் நீங்களே கட்டப்பனைக்குப் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் குழாயில் கை வையுங்கள். மலைக் குளிரில் இரவு முழுவதும் நின்ற வண்டியின் குழாய் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முந்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து டிப்ஸ்டிக்கை இழுத்து, ஆயிலின் அளவைப் பார்த்துவிட்டு மூக்கருகே பிடியுங்கள். இந்த வகை எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், குளிரில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் சிறிது சிறிதாக ஆயிலில் கலக்கும். கட்டப்பனை கடைவீதிக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிய வண்டியில் இது நடக்கக்கூடியதுதான். பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றாலோ பெல்ட் ஊறியிருக்கும் சாத்தியம் அதிகம். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். மலைப்பிரதேசத்தில் ஈரப்பதத்தால் மூடியில் இலேசாக வெண்மை படிவது உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். கெட்டியான மோர் போல அடுக்காகப் படிந்திருந்து, கூலன்ட் டப்பாவில் மட்டமும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையிலான அடைப்புத் தகடு) வரை சந்தேகிக்க வேண்டும். இந்த எஞ்சினின் தொடக்க ஆண்டுகளில் கூலன்ட் குழாய் ஒன்று வெடித்து, நீர் வற்றி, எஞ்சின் சூடேறிக் கெட்ட நிகழ்வுகள் பிரிட்டனில் பெரிய புகாராகவே எழுந்தன. உங்கள் வண்டியில் அந்தக் குழாய்கள் எப்போதாவது மாற்றப்பட்டனவா என்று கேட்பதும் அவசியம்.

இவ்வளவும் கண்ணால் பார்ப்பது. பெல்ட்டின் நிலையை உறுதியாகச் சொல்ல ஒரே வழி, ஆயில் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்ப்பதுதான். அதற்கான கூலி, புதிய ஆயில், சீலிங் பசை எல்லாம் உங்கள் செலவு என்று சொல்லுங்கள். நீங்கள் வாங்காவிட்டாலும் அவருக்குப் புது ஆயில் மிச்சம். சம்ப்பின் அடியில் விரலை வைத்து வழித்தால் ஆயில் கறுப்பாக இருக்கும், அது இயல்பு. அந்தக் கறுப்பில் மணல் போலவோ நார் போலவோ ரப்பர் தட்டுப்பட்டாலும், சல்லடையின் கண்களில் கறுப்புத் துணுக்குகள் செருகியிருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சம்ப்பைத் திறக்க விற்பவர் சம்மதிக்கவே இல்லை என்றாலும் அதே முடிவுதான். அதிலிருந்து ஒரு படி கீழே, ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றிவிட்டுக் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. அது பயன் உள்ளது. ஆனால் சல்லடையைப் பார்ப்பதற்கு ஈடாகாது.

சம்ப் சுத்தமாக இருந்தால் மட்டும் மலைச் சோதனைக்குப் போங்கள். வண்டியைக் கம்பத்துக்கு இறக்கி, நான்கு பேர் உட்கார்ந்து, ஏ.சி.யைப் போட்டு, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுங்கள். சபரிமலை சீசனில் ஏறுகிற வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம் என்பதால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. வழியில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தால் முந்திச் செல்ல அவசரப்படாமல் அதன் பின்னாலேயே இரண்டாவது கியரில் போங்கள். காற்று வீச்சு குறைந்து, சுமை கூடிய அந்த நேரத்தில்தான் ரேடியேட்டரும் ஃபேனும் தங்கள் யோக்கியதையைக் காட்டும். மீட்டரில் உள்ள டெம்பரேச்சர் அளவை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் அது ஒரு பெரிய இடைவெளிக்குள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் மெக்கானிக்கிடம் இருக்கும். அது கூலன்ட் சூட்டை எண்ணாகவே காட்டும். 90-க்கும் 105-க்கும் இடையே ஏறி இறங்கினால் சரி. 115-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டிவிடுங்கள். அதே ஸ்கேனரில் பழைய குறைக் குறியீடுகளையும் பாருங்கள். குறியீடு ஒன்றுகூட இல்லை, ஆனால் சுயசோதனைகள் பல முடியாமல் நிற்கின்றன என்று காட்டினால், அண்மையில் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

குமுளியில் நின்றதும் எஞ்சினை அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். ஐடிலில் நின்ற பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் வால்வு சீல் அல்லது டர்போ; ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மறுநாள் காலை, ஆறிய பிறகு, கூலன்ட் மட்டம் முதல் நாள் குறித்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையிலும் கார் தேறினால் வாங்கலாம், ஆனால் 3,40,000-க்கு அன்று. அது பெல்ட் மாற்றிய காருக்கான விலை. டைமிங் பெல்ட், ஆயில் பம்ப் பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட் குழாய்கள், ஆயில், கூலி ஆகியவற்றுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை முழுவதும் கழித்துக் கேளுங்கள். பாதிப் பாதி என்று சமரசம் பேசுவார். ஒப்புக்கொள்ள வேண்டாம், கெடு முடிந்தது அவர் கையில் இருந்தபோதுதான். இந்த பெல்ட்டை மாற்றும்போது கிராங்க், கேம் இரண்டையும் அசையாமல் பூட்டி வைக்கத் தனிக் கருவிகள் தேவைப்படுகின்றன. கருவி இல்லாமல் பெயின்டால் குறி போட்டுக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் விடாதீர்கள். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் சென்னை ஆலையிலிருந்து கடைசிக் காரை வெளியே அனுப்பியது என்றாலும் சர்வீசும் உதிரிப்பாகமும் தொடர்கின்றன. வாங்குவதற்கு முன்பே மதுரைப் பக்கம் யார் இந்த வேலையைச் செய்கிறார் என்று விசாரித்து வையுங்கள். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அதே எகோஸ்போர்ட்தான் வேண்டும் என்றால், 2017 நவம்பரில் புது வடிவம் வருவதற்கு முன்பு விற்ற நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டியைத் தேடலாம். அதில் பெல்ட் வறண்டு ஓடுவது. எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றுவார். மலையில் இழுவை கொஞ்சம் சோம்பல்தான். ஆனால் தினமும் தோட்டத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய உங்களுக்கு, எங்கள் யோசனை அந்தச் சோம்பல் எஞ்சின் பக்கமே சாய்கிறது.

கேள்வி: செங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் அக்காவைப் பத்தனம்திட்டையில் கொடுத்திருக்கிறது. அத்தான் தமக்குத் தெரிந்தவர் வைத்திருக்கும் 2016 மாடல் டிசையர் டீசல் காரை எனக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சீட், கார்ப்பெட் எல்லாம் புதிது, “எஞ்சினைக்கூட முழுசாக வேலை பார்த்துப் புதுசு மாதிரி ஆக்கியாச்சு” என்கிறார்கள். இங்கு கேட்கும் விலையைவிட ஒரு லட்சம் குறைவு. அத்தானிடம் சோதிக்கிறேன் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
வாசகி, செங்கோட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் விற்பவர் பெருமையாகச் சொன்ன வார்த்தைதான் எங்களுக்கு உறுத்துகிறது. டிசையரில் உள்ள 1,248 சி.சி. டீசல் எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு; மாருதியிலும் டாட்டாவிலும் ஃபியட்டிலும் ஒரே எஞ்சின் வெவ்வேறு பெயரில் ஓடியது. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் டாக்சியில்கூட இரண்டு லட்சம் கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் கடக்கும். அப்படிப்பட்ட எஞ்சினை 70,000-இல் முழுவதும் பிரித்து வேலை பார்க்க என்ன நேர்ந்தது? கிலோமீட்டர் பொய்யாக இருக்க வேண்டும், அல்லது ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்க வேண்டும், அல்லது எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். புதிய சீட்டும் புதிய கார்ப்பெட்டும் மூன்றாவதை நோக்கியே கை காட்டுகின்றன.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை, அச்சன்கோவில் ஆற்றங்கரைகளில் ரான்னி, ஆறன்முளை, செங்கன்னூர், பந்தளம் பகுதிகள் எப்படி மூழ்கின என்பதை நீங்களே அறிவீர்கள். மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, துணி மாற்றி, மறுபடியும் சந்தைக்கு வந்தவையும் உண்டு. நின்ற இடத்தில் மூழ்கிய காரைவிட, தண்ணீருக்குள் ஓட்டிய காரும், மூழ்கிய பின் சாவியைத் திருப்பிப் பார்த்த காரும் மோசம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. முழுவதும் வளைந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும், அது ஒருவகையில் நல்லது. இலேசாக வளைந்தால் எஞ்சின் ஓடும், பிஸ்டன் ஒருபக்கமாகச் சுவரை உரசும், மாதக்கணக்கில் தேய்ந்து, ஒருநாள் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். “முழு வேலை” என்று சொல்லி ரிங்கையும் பேரிங்கையும் மட்டும் மாற்றிவிட்டு, வளைந்த ராடை அப்படியே மாட்டியிருந்தால் உங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

கண்டுபிடிக்க வழி உண்டு. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ராடு வளைந்த சிலிண்டரில் பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. அதன் அளவு மற்ற மூன்றையும்விடக் கீழே நிற்கும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, “பேக் கம்ப்ரஷன்” அடிக்கிறதா என்று மெக்கானிக் கையை வைத்துப் பார்ப்பார். மூடி துள்ளும் அளவுக்குப் புகையும் காற்றும் வந்தால் ரிங் வேலை செய்யவில்லை. இந்த எஞ்சினில் பெல்ட் இல்லை, டைமிங் செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் கரகரவென்று சங்கிலிச் சத்தம் வந்து அடங்கினால் செயின் நீண்டிருக்கிறது அல்லது அதன் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. வேலை பார்த்த பில் என்று எதையாவது காட்டினால் அதில் என்னென்ன பாகங்கள் வாங்கினார்கள், லேத்தில் சிலிண்டரைக் கடைந்து போர் அடித்த கூலி இருக்கிறதா, ராடு பெயர் வருகிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

வெள்ளம் புகுந்ததா என்பதற்கு எஞ்சினைவிட உள்ளறை நல்ல சாட்சி. முன்சீட் பெல்ட்டை அது நிற்கும் வரை முழுவதுமாக இழுங்கள். சுருளின் உள்ளே கடைசியில் இருக்கும் ஓர் அடி நீளத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே பழுப்பு நிறத்தில் நீர்க்கறை ஓடியிருக்கும், நகத்தால் சுரண்டினால் நைசான வண்டல் வரும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள வயர் கனெக்டர்களின் பச்சைத் துரு, ஸ்டெப்னி குழி ஆகியவற்றையும் பாருங்கள். மாருதியின் சர்வீஸ் நிலையங்களில் வண்டி எண்ணை வைத்து வேலை விவரத்தைப் பார்க்க முடியும். உரிமையாளரே கேட்டு வாங்கித் தரட்டும். 2018 ஆகஸ்டுக்குப் பின் என்ன வேலை நடந்தது, அப்போது எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது என்பது இரண்டு சந்தேகத்தையும் ஒரே தாளில் தீர்க்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். இடையில் ஓர் ஆண்டு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் அதற்கு முந்தைய ஆண்டில் கிளெய்ம் வாங்கியிருக்கக்கூடும்.

அத்தானிடம் சொல்லக் கூச்சம் என்றால் நீங்கள் சொல்ல வேண்டாம். “எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்க்காமல் வண்டி எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், அத்தான்” என்று பொறுப்பை வேறு தோளுக்கு மாற்றிவிடுங்கள். மறுப்பையும் அந்த மெக்கானிக்கே சொல்லட்டும். வண்டி தேறிவிட்டால் ஆரியங்காவு பக்கமிருந்து புளியரைக்கு இறக்கி, எஸ் வளைவில் ஒருமுறை திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் கணிப்பைக் கேட்டால், இந்தக் காருக்காக நீங்கள் மெக்கானிக்கை அனுப்பும் செலவுகூட வீண்தான். ஆனாலும் உறவு கெடாமல் மறுக்க அது உதவும் என்பதால் செய்யுங்கள்.

கேள்வி: களியக்காவிளையில் கடை வைத்திருக்கிறேன். பாறசாலையில் ஒரு கார் முடிவாகும் நிலையில் இருக்கிறது. பழைய எஞ்சின் போய்விட்டதால் வேறு எஞ்சின் வாங்கி மாட்டியதாக உரிமையாளர் மறைக்காமல் சொல்கிறார். வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் வேறு வேறு. புரோக்கர், “அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்” என்கிறார்.
வாசகர், களியக்காவிளை

பதில்: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பார்ப்பார்கள். கேரளப் பதிவை இங்கே மாற்றப் போகும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும்; எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சரிபார்க்கப்படும். எஞ்சினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் இன்றைய உரிமையாளர், நீங்கள் அல்லர்.

எண் பொருந்தாததைவிட, அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. வாங்கிய கடையின் பில், அது கழற்றப்பட்ட வண்டியின் பதிவு ரத்துச் சான்று இரண்டும் இருந்தால் உரிமையாளர் நேர்மையாகவே நடந்திருக்கிறார், ஆர்.சி.யில் புது எண் ஏறிய பிறகு வாங்குங்கள். பில் இல்லையென்றால் அது திருட்டு வண்டியின் எஞ்சினாகக்கூட இருக்கலாம். அருமையாக ஓடுகிறது என்பதற்காக அந்த வழக்கை நீங்கள் விலைகொடுத்து வாங்க வேண்டாம். பிளாக்கில் எண் பொறித்த இடம் அரைத்து மழுங்கியிருந்தால் அடுத்த வார்த்தை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

மற்ற தாள்கள் வழக்கமானவைதான். விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30. கேரள அலுவலகத்தின் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. கடன் இருந்து தீர்ந்திருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35. தமிழ்நாட்டில் புது எண்ணுக்குப் படிவம் 27. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே எண் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இங்கே கட்ட வேண்டிய வாழ்நாள் வரி வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையும். அதை முதலிலேயே விசாரித்து விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் வாகனப் பதிவு விவரத் தளமான வாகனில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பதிவும் அபராதமும் நிலுவையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29-இல் தேதி போடாமல் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னால் ஏற்காதீர்கள். எஞ்சின் எண் ஏறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும் வரை அட்வான்ஸும் வேண்டாம்.